நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை

நாள் 203, 09:10
தென்சரிவு நிலையம், செவ்வாய்க் கிரகம். பதிபவர்: ஜெசிந்தா தேவசகாயம், மென்பொருள்.

உள் அழுத்தம் சரி. வெப்பம் 21. பணியாளர் இருவர். நிலவியல் பார்க்கும் வேலாயுதண்ணன் வண்டியோடு கிழக்குப் பள்ளத்தாக்கில். திரும்ப ஒன்பது நாள்.

இங்கே காற்று, தண்ணீர், கதவு, அடுப்பு எல்லாம் லினக்ஸில் ஓடுகின்றன. செவ்வாய் நிலையங்களுக்கென்றே கட்டிய டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ் தொகுப்பு. அதில் தனித்தனி மென்பொருள் பொதிகளாக மொத்தம் 412 பேக்கேஜ். புதுப் பதிப்பு வந்தால் பேக்கேஜாகக் கட்டி, டெஸ்ட் ஓட்டி, பாஸ் ஆனால் நிறுவுவது என் வேலை.

தொல்லை என்னவென்றால், டெஸ்ட் ஓட்டும் வழி ஒவ்வொன்றுக்கும் ஒரு விதம். ஒன்றுக்கு எவரோ விட்டுப்போன குறிப்பைத் தேட வேண்டும். இன்னொன்று பாதியில் நின்று "தொடரவா?" என்று கேட்கும், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்று முதல் ஒரே முறை. ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளும் ஒரே பெயரில் சின்னக் கோப்பு. டெஸ்டை எப்படி ஓட்டுவது, அதற்கு என்ன தேவை என்று அதில் இருக்கும். நான் எழுதிய ரன்னர் நிரல் அதைப் படித்து, கணினிக்குள்ளேயே உருவாக்கிய காலியான மெய்நிகர் இயந்திரத்தில் டெஸ்டை ஓட்டி, பச்சை அல்லது சிவப்பு என்று சொல்லும்.

எல்லா நிலையங்களின் மென்பொருளுக்கும் பூமியில் பொறுப்பு ராபியாக்கா. செய்தி போய்ச்சேரவே பதினாலு நிமிஷம். பதில் வந்தது: "நல்லா ஓடுச்சுன்னா சொல்லு ஜெசி, இதையே எல்லா நிலையத்துக்கும் தரமா ஆக்கிரலாம்."

முதல் ஓட்டம்: பச்சை 351. சிவப்பு 61.

நாள் 205, 16:40
சிவப்பு 61-ஐயும் பார்த்து முடித்தேன். இருபதில் உண்மையான பிழை. திருத்தினேன். மீதியில் மென்பொருள்மேல் குற்றமில்லை. காலி இயந்திரத்தில் இல்லாத சென்சாரையும் மோட்டாரையும் தேடி விழுந்தவை. அவற்றுக்காக ரன்னரில் ஒரு வரி சேர்த்தேன். ராபியாக்கா அதைப் பொதுத் தொகுப்பில் இணைத்துவிட்டார்.

பச்சை 412. அறிக்கை அனுப்பியாயிற்று. காத்திருந்த பதினோரு புதுப் பதிப்புகளையும் நிறுவிவிட்டேன், காற்றுச் சுத்திகரிப்பு உட்பட. தக்காளி சூப் இன்று இரண்டு பாக்கெட் போட்டுக்கொண்டேன். கொண்டாட்டம்.

நாள் 207, 10:05
பச்சை 412. நேற்றும் 412. அதற்கு முந்தைய நாளும்.

பதினாறு வருஷமாக இந்த வேலை. தொடர்ந்து மூன்று நாள் ஒரு சிவப்புகூட இல்லாமல் பார்த்ததில்லை. கடிகாரம் ஒரு நொடி பிசகினாலே விழுகிற டெஸ்ட்கள் நாலு இருக்கின்றன. அவையும் பச்சை.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். பட முடியவில்லை. லேசான தலைவலி. தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன்.

நாள் 208, 11:30
ரன்னருக்கே ஒரு பரீட்சை வைத்தேன். இரண்டும் இரண்டும் ஐந்து என்று பொய் டெஸ்ட். சிவப்பு விழுந்தது. அப்படியானால் அதற்குக் கண் தெரிகிறது. சிலவற்றைப் பார்த்து மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது.

ஓடிய நேரங்களை எடுத்துப் பார்த்தேன். காற்றுச் சுத்திகரிப்பு டெஸ்டுக்கு முன்பு பதினோரு நிமிஷம் ஆகும். இப்போது 0.2 நொடி.

பதினோரு நிமிஷ வேலையை வெட்டியது யார்? மென்பொருளின் மாற்ற வரலாற்றில் கடைசியாக இணைத்தவர் பெயர்: ராபியா. மேலிடத்துக்குப் பச்சையாகக் காட்ட ஆசை இருக்காதா? நேராகவே கேட்டு அனுப்பினேன்.

12:06
"நான் எதையும் வெட்டல ஜெசி. நீ அனுப்புனதை அப்படியே இணைச்சேன். நேத்து கமிட்டியில உன் ரன்னரைத்தான் எல்லாரும் புகழ்ந்தாங்க. ஏன் இப்படிக் கேக்குற? சரியாத் தூங்குறியா?"

நான் கேட்டது டெஸ்டைப் பற்றி. பதில் வந்தது என் தூக்கத்தைப் பற்றி. குறித்துக்கொண்டேன்.

நாள் 209, 09:50
தலை பிளக்கிறது. முகம் சூடு. இதே பத்தியை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன்.

காற்றைப் பார்த்தேன். கரியமில வாயு 0.4 சதவீதம். வழக்கம்தான். ஆக, காற்று இல்லை. வேறு ஏதோ.

வேலாயுதண்ணன் ரேடியோவில்: "ஜெசி, உன் பேச்சு குழறுது. சொன்னதையே சொல்ற. அவசர மாஸ்க் எடுத்துப் போடு. நான் கிளம்பி வந்துக்கிட்டே இருக்கேன்."

ஒன்பது நாள் வேலை அவருக்கு. ஆறாம் நாளே ஏன் வருகிறார்?

13:20
ராபியா: "வேலாயுதம் பேசினார். அவர் சொன்னபடி மாஸ்க்கைப் போடு. அப்புறம் பேசலாம்."

இரண்டு பேரும் ஒரே சொல். மாஸ்க். பேசிவைத்துக்கொண்டார்கள். மாஸ்க் போட்டால் திரை சரியாகத் தெரியாது. கணினியை விட்டு நான் எழ வேண்டும், அதுதான் வேண்டும் அவர்களுக்கு. அதற்குள் வரலாற்றை அழித்துவிடுவார்கள்.

எழ மாட்டேன்.

நாள் 210, 08:15
கதவைப் பூட்டிவிட்டேன். வெளிக்கதவு உள்கதவு இரண்டும். குறியீடு மாற்றியாச்சு. என்னவாக மாற்றினேன் என்று

பச்சை 412

வண்டி வந்து நிற்கிறது. கண்ணாடி வழியே தெரிகிறது. கை காட்டுகிறார். சிரிக்கிறாரா

"ஜெசி கதவைத் திற. உள்ளாற காத்து கெட்டுப்போச்சு. நான் சொல்றதைக் கேளு தாயி."

தாயி என்று என்னைக் கூப்பிட்டதே இல்லை இவர். இவர் அவர்தானா. யார் அனுப்பி

பச்சை பச்சை எல்லாம் நான்தான் பார்த்தேன் நான் மட்டும்தான்

நாள் 210, 09:40
இதை எழுதுறது வேலாயுதம். ஜெசி எழுதுற நிலையில இல்லை.

ரெண்டு கதவுக்கும் வெளிப்பக்கம் கையால சுத்துற சக்கரம் உண்டு. ரெண்டு கதவையும் சுத்தித் திறக்க ஐம்பது நிமிஷம் ஆச்சு. பிள்ளை மேசைக்கு அடியில கிடந்துச்சு, உதடு நீலமா. மாஸ்க் போடப் போனா கையைக் கடிச்சிருச்சு. கையுறைதான், பாதகமில்லை.

சுவர்த் திரையில கரியமில வாயு 0.4. என் விண்வெளி உடையில இருக்கிற மீட்டர்ல 4.1. வண்டிக்குப் புதுப் பதிப்பு ஏறலை, அதனால என் காத்து தப்பிச்சுது. சுத்திகரிப்பை நிறுத்திட்டுப் பழைய பதிப்பைப் போட்டிருக்கேன். மூச்சு சீரா வருது. கண்ணு முழிக்கட்டும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னு பூமிக்குச் சொல்லிட்டேன், மென்பொருள்ல என்ன தப்புன்னு ஜெசிதான் பார்த்துச் சொல்லணும்.

நாள் 211, 10:30
ஜெசிந்தா.

என் பதிவுகளைப் படித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். சுத்திகரிப்பின் புதுப் பதிப்பு சென்சார் தரும் எண்ணைப் பத்தில் ஒன்றாகப் படிக்கிறது. காற்று சுத்தம் என்று நம்பி விசிறியை மெதுவாக்கிவிட்டது. பழைய டெஸ்ட் நிஜ சென்சாரோடு பதினோரு நிமிஷம் ஓடி இதைப் பிடித்திருக்கும். காலி இயந்திரத்தில் சென்சார் இல்லை. சென்சார் இல்லாவிட்டால் டெஸ்டைத் தவிர்த்துவிடு, தவிர்த்ததைப் பாஸில் சேர் என்று ரன்னரில் ஒரு வரி. 205-ஆம் நாள், தெளிந்த புத்தியோடு, கணக்கு 412 வர வேண்டும் என்பதற்காக நான் எழுதிய வரி. ராபியாக்கா எதையும் வெட்டவில்லை.

வேலாயுதண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "கடிச்சதுக்கா, பூட்டுனதுக்கா?" என்றார். இரண்டுக்கும் என்றேன். கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

10:55
நேற்று வந்து படிக்காமல் கிடந்த செய்தி. ராபியாக்கா: "ஜெசி, உன் உடம்பு இப்ப எப்படி? ஒரு நல்ல சேதி: உன் ரன்னரைத் தரமா ஏத்துக்கிட்டாங்க. வட நிலையம் 207-லயே போட்டுட்டாங்க, புதுப் பதிப்பு பதினொண்ணும் சேர்த்து. அங்கயும் 412 பச்சை."

வட நிலையத்தில் நான்கு பேர். நாலு நாள் ஆகிவிட்டது.

11:10
ராபியாக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அங்கிருந்து தடை உத்தரவு வர அரைமணி. அதற்குள் வட நிலையத்தை நேரடியாகக் கூப்பிட்டேன். அங்கே தலைவர் அன்வர். பயிற்சியில் என்னோடு ஒரே அறையில் படித்தவன். எதற்கும் சிரிப்பவன்.

"அன்வர், ஜெசி பேசுறேன். காத்து மென்பொருள் தப்பா காட்டுது. நாலு பேரும் உடனே மாஸ்க் போடுங்க. பழைய பதிப்பைப் போடு."

மறுமுனையில் அவனுக்கு மூச்சு வாங்குவது கேட்டது.

"எங்க திரையில 0.4தான். எல்லாம் பச்சை."

"அது பொய்டா. அந்தப் பச்சையை எழுதினவ நான்தான். தலை வலிக்குதா உனக்கு?"

"தலைவலி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்வர்..."

"ஜெசி இப்படிப் பேச மாட்டா. யார் நீங்க?"

துண்டித்துவிட்டான்.

12:20
பூமியின் உத்தரவும் வட நிலையத்துக்குப் போய்விட்டது. அன்வரின் பதிலை ராபியாக்கா எனக்கும் அனுப்பினார்: "ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசுறீங்க. நம்பமாட்டோம். வெளித்தொடர்பை நிறுத்துறேன்." தூரத்திலிருந்து மென்பொருளை மாற்றும் வழியையும் மூடிவிட்டான். அவனைத் திட்ட எனக்கு வாயில்லை. நேற்று நானும் இதைத்தான் செய்தேன்.

17:20
பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் இல்லை. வேலாயுதண்ணன் வண்டியில் காற்று உருளைகளும் கதவுச் சக்கரத்துக்கான கருவியும் ஏற்றி, மதியத்திலிருந்து பேட்டரி ஏற்றுகிறார். 320 கிலோமீட்டர். ஒரு நாளும் பாதியும். நானும் போகிறேன். அதுவரை அங்கே காற்று தாங்குமா தெரியவில்லை. அவர்கள் நான்கு பேர், நான் ஒருத்தி. அந்த நிலையம் பெரிதுதான், ஆனாலும் காற்று இங்கேவிட வேகமாகக் கெடும்.

18:00
வட நிலையத்திலிருந்து ஏதோ வருகிறது. குரல் இல்லை. மாலை அறிக்கை, வெளித்தொடர்பை நிறுத்தினாலும் தனிச் சேனலில் ஆள் இல்லாமலே போகும். தினமும் ஆறு மணிக்கு நிலையத்துக் கணினி ஒவ்வொருவரையும் பட்டனை அழுத்தச் சொல்லும், நலம்தானா என்று அறிய. அதையும் இப்போது என் ரன்னர்தான் ஓட்டுகிறது. வந்ததை அப்படியே ஒட்டுகிறேன்.

பேக்கேஜ்: 412. பச்சை: 412. சிவப்பு: 0.
பணியாளர் நலச் சோதனை: 4 பேர்.
பதில்: கிடைக்கவில்லை. தவிர்க்கப்பட்டது.
முடிவு: பாஸ்.