மூன்று ரவுண்டு தங்கையாவுக்கு, மீதி உங்களுக்கு

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள். அதனால் பெரிது பெரிதாக, இடம் விட்டு எழுதுகிறேன். இப்போது நானும் அம்மாவும் இருப்பது சித்தப்பா வீட்டில். அவர் கூடத்தில் குறட்டை விடுகிறார். குறட்டை நிற்கும்போதெல்லாம் சிம்னி விளக்கைத் தாழ்த்திக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது, அப்பா.

நீங்கள் போய்ச் சேர்ந்து நாளைக்கு வருஷம் திரும்புகிறது. தென்காசி ரயில்வே கேட் பக்கம் ஓட்டுக் கட்டடம் ஒன்றைப் பிடித்து, உங்கள் பெயரில் சித்தப்பா தேகப்பயிற்சிக் கூடம் திறக்கிறார். 'குத்துச்சண்டை வீரர் சுடலைமுத்து' என்று பலகையில் சிவப்பாக எழுதி மாட்டியாகிவிட்டது. திறந்து வைக்க யார் வருகிறார் தெரியுமா? மதுரை தங்கையா. இன்றைக்கு இந்தப் பக்கத்தில் அவரை எதிர்த்து நிற்க ஆள் இல்லை என்கிறார்களே, அவரேதான். அத்தனை பேர் முன்னால் உங்கள் நினைவுத் தாளை நான் வாசிக்க வேண்டும். சித்தப்பாவே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்தத் தாளில் நீங்கள் 'தோல்வியே அறியாதவர்'. பிறகு, 'மதுரை தங்கையா குற்றாலம் வந்து இவரிடம் ஆசி பெற்றுச் சென்றார்' என்றும் ஒரு வரி. கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா ஒரு தடவை தோற்றிருக்கிறாரே, அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துத்தானே எங்களை வளர்த்தார், அதெல்லாம் வேண்டாமா என்று மெதுவாகத்தான் கேட்டேன். சித்தப்பா வெற்றிலை மடிக்கிறதை நிறுத்தினார்.

"ஏட்டி, செத்தவனைத் தோத்தவன்னு ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல்லுதியா? எண்ணெய்க்காரன் பேர்ல கூடம் திறந்தா எவன் வந்து சேருவான்? எழுதினதை வாசி. ஒரு எழுத்து மாறிச்சு, அதோட உனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது."

சொன்னால் செய்கிறவர். தன் சொந்த மகளையே எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு நெஞ்சு வலித்த அன்றைக்குத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். உங்களை ஒருத்தரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் உங்களைப் பெரிய ஆளாக்குவதற்கு உங்களிலேயே பாதியை வெட்டி எறிகிறாரே, அதை எப்படிப் பொறுப்பது?

கொல்லத்திலிருந்து வந்த வீரரிடம் தோற்றதை எடுத்துவிட்டால் உங்கள் கதையில் என்ன மிஞ்சும்? நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். குற்றாலத்தில் சாரல் சமயம், கொட்டகைக்குள் மணல் பரப்பி, நாலு மூலையிலும் மூங்கில் நட்டு, தேங்காய் நார்க் கயிறு கட்டி நடந்த பந்தயம். ஐந்தாவது ரவுண்டில் விலாவில் வாங்கி, மணலில் முகம் பதியக் கிடந்தீர்கள். பத்து எண்ணி முடித்த பிறகுதான் எழுந்தீர்கள். எழுந்ததும் பார்த்தால், ஜெயித்தவருக்கு மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. யாரிடமோ எண்ணெய் வாங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீவிவிட்டீர்கள். உன் குத்தைவிட உன் விரல் நல்லது என்று அவர் சொல்லிவிட்டு ரயிலேறினார். உங்கள் தொழில் அங்கே பிறந்தது. நம் வீட்டுச் சோறும் அங்கேதான் பிறந்தது. "தோத்துட்டு வந்த அன்னைக்குத்தான் உங்கப்பா வயிறாரச் சாப்பிட்டாரு" என்று அம்மா இப்போதும் சொல்லுவாள்.

இனி தங்கையா. அவர் ஆசி வாங்க வரவில்லை. போன வருஷத்துக்கு முந்தின சாரலில், பந்தயத்துக்கு வந்த இடத்தில், காலையில் எண்ணெய்க் குளியலுக்கு வந்தார். அருவிக்கரைக் கல்லில் குப்புறப் படுத்தார். யார் தேய்க்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, அப்பா? அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். இப்போது யாரிடம் கேட்பேன்?

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னீர்கள்: "அவன் முதுகு வெண்ணெய் மாதிரி உருளுதுட்டி. இடது தோளுக்கு அடியில மட்டும் ஒரு முடிச்சு. களைச்சா அந்தக் கை தாழும். அரை மணி நேரம் கட்டை விரலை வச்சு அதைக் கரைச்சுட்டேன். நான் இவன்கிட்ட மூணு ரவுண்டு நிக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். மணல் இல்லை, பலகை மேடை. கையுறையும் உங்கள் காலத்து மாதிரி மெல்லிசு இல்லை, தலையணை மாதிரி இருந்தது. மூன்றே ரவுண்டு, பிறகு புள்ளிக் கணக்கில் தீர்ப்பு. தங்கையாவின் கால் சுடுமணலில் நடக்கிறவர் கால் மாதிரி ஓர் இடத்தில் பாவவே இல்லை. இடது கை இரண்டு தடவை போய்த் திரும்பிய பிறகுதான் எதிராளிக்கு முதல் குத்தே வலித்தது. கடைசி மணி வரைக்கும் அந்தக் கை தாழவில்லை. எல்லோரும் தங்கையாவைப் பார்த்தார்கள். நான் உங்கள் கட்டை விரலைப் பார்த்தேன்.

நீங்கள் சண்டை போட்டு நான் பார்த்தது ஒரே தடவை, ஐந்து வயதில். ஆனால் கொல்லைப்புறத்தில் உமி மூட்டையைத் தொங்கவிட்டுக் குத்துவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். உங்கள் கால் நகராது, அது குறைதான். இடது கை சும்மா அளவு பார்க்கத்தான் போகும். ஆனால் எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் அவன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பீர்கள். அவன் மூச்சு இழுக்கிற நேரத்தில் வலது கையை விலாவில் இறக்குவீர்கள். அது முதல் ரவுண்டில் தெரியாது. நாலாவது ரவுண்டில் அவன் கையைத் தூக்கும்போது தெரியும்.

ஆகையால் என் தீர்ப்பு இது. பலகை மேடையில், தலையணைக் கையுறையில், மூன்று ரவுண்டுக்குத் தங்கையாதான். அவர் வேகத்தில் பாதி உங்களுக்குக் கிடையாது. அதை நீங்களே ஒத்துக்கொண்டீர்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டீர்களே, அது தப்பு. உங்கள் மணலில், ஒருவர் விழுகிற வரைக்கும் என்று வைத்தால்? மணல் அவர் காலைப் பிடிக்கும். அந்த முடிச்சு கரையாமல் இருந்தால், நாலாவது ரவுண்டில் இடது கை தாழும். தாழ்ந்த கைக்கு மேலே போகத் தெரிந்தவர் நீங்கள். மூன்று ரவுண்டு தங்கையாவுக்கு, மீதி உங்களுக்கு. நீங்கள் இல்லையென்று சொன்னாலும் நான் மாற்ற மாட்டேன்.

எதிராளியின் பலவீனத்தை விரலால் தடவித் தெரிந்துகொண்டு, அதைத் தானே சரியாக்கி அனுப்பிய குத்துச்சண்டைக்காரர் வேறு எவராவது உண்டா? இதைவிடவா 'தோல்வியே அறியாதவர்' பெரிது?

இந்த வரி எழுதும்போது பக்கத்தில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள். தாளைப் பாவாடைக்குள் மறைத்தேன். நாம் சித்தப்பா வீட்டில் இருக்கிறோம், அடங்கி இரு என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, "விளக்கைத் தூண்டி விட்டு எழுது. கண்ணு கெட்டுப்போகும்" என்றாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் முடிவு செய்தேன். நாளைக்குச் சித்தப்பாவின் தாளைக் கையில் வாங்கிக்கொள்வேன். வாசிக்கப் போவது இந்தக் கடிதத்தை.

இந்த இடம் வருவதற்குள் சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். சித்தப்பா, கொஞ்சம் உட்காருங்கள். உங்கள் அண்ணனை நான் சிறுமைப்படுத்தவில்லை. தங்கையா அண்ணாச்சி, நீங்களும் கோபப்படாதீர்கள். அன்றைக்கு உங்கள் தோளைத் தேய்த்தவர் பெயர்தான் வெளியே பலகையில் இருக்கிறது.

அப்பா, என் குரல் நடுங்கும். நிச்சயமாக நடுங்கும். நடுங்கினாலும் நிறுத்த மாட்டேன். யாராவது தாளைப் பிடுங்கினால் மனப்பாடமாகச் சொல்லுவேன். எழுதும்போதே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போனாலும் போகட்டும். பொய்யை வாசித்துவிட்டு அடுத்த நாள் எந்த முகத்தோடு பாடப் புத்தகத்தைத் திறப்பேன்? உங்கள் தோல்வியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குத் தருகிறேன்.

எண்ணெய்க்காரர் சுடலைமுத்துவின் மகள்,
பேச்சியம்மாள்,
பத்தாம் வகுப்பு. நாளைக் காலை வரைக்கும் நிச்சயமாக.