கையைக் காட்டினால் நிற்காத சைக்கிள்

அன்புள்ள அம்மாவுக்கு,

எலும்பு முறியவில்லை, கணுக்கால் சுளுக்குதான். இன்று காலை எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரே சொன்னார். "கால ஒடச்சிக்கிட்டு மறைக்கறியாடி?" என்று கேட்பீர்கள், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். நீங்களும் அப்பாவும் நலமா? உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

பெர்லினில் பத்திரிகையாளர் பயிற்சி வகுப்பு முடிந்ததும் கால்வாய்க் கரையில் நான்கு பாலம் தாண்டி நடப்பேன். அந்த நடை இல்லாவிட்டால் மாலைப்பொழுது நகராது. செவ்வாயன்று சைக்கிள் பாதையைக் கடக்கும்போது, அதியமான்கோட்டை ஹைவேயில் செய்வதுபோல் கையை நீட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். சைக்கிளில் வந்த பெரியவர், நான் வணக்கம் சொல்வதாக நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டினார். இருவரும் விழுந்தோம். அவருக்குக் காயமில்லை, ஆஸ்பத்திரிவரை கூடவே வந்தார். "இருவது வருசமா பேப்பர்ல விபத்துச் செய்தி எழுதுனவளுக்கு இது வேணுந்தான்" என்று அப்பா சிரிக்கட்டும்.

பருப்புப் பொடி அனுப்புங்கள். அரூர் போனால் பஸ் ஸ்டாண்டில் நின்று போன் செய்யுங்கள். கண்டக்டர் "சேலம், சேலம்" என்று கத்துவதைக் கேட்க வேண்டும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. காலில் போட்ட கட்டை வெள்ளிக்கிழமை பிரிப்பார்கள். நான்கு பாலமும் நடக்கலாமா என்பது அன்றுதான் தெரியும். பெரியவரும் வருகிறாராம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.

மலர்விழி