சர்க்கார் மரம்

ஜவ்வாது மலை
18.11.2024

அன்புள்ள தமிழ்மணி அண்ணனுக்கு,

தங்கை தேவயானி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். குடகில் மழை விட்டதா? காப்பித் தோட்டத்தில் அட்டை கடிக்கும், காலைப் பார்த்துக்கொள். போனில் வீட்டுப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

சாமை இந்த வருடம் நன்றாக விளைந்தது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஈரக்காற்று அடித்தால் வீட்டுக்குள் சந்தன வாசனை வருகிறது என்கிறாள். எனக்கு வருவதில்லை.

அப்பா ஜெயிலுக்குப் போகக் காரணமான நம் நிலத்துச் சந்தன மரம், வெட்டிய அடியிலிருந்து துளிர்த்து இப்போது இரண்டாள் உயரம் நிற்கிறது. போன செவ்வாய்க்கிழமை வனத்துறையிலிருந்து சுவேதா என்ற பெண் கணக்கெடுக்க வந்தாள். வெள்ளைக்காரன் காலத்தில் கஜானாவை நிரப்பிய மரமாம். யார் நிலத்தில் முளைத்தாலும் சர்க்காருக்கே சொந்தம் என்று அப்போது எழுதியதுதான் அப்பா காலம் வரை நம்மைத் துரத்தியிருக்கிறது. "இப்போ மாறிட்ச்சுக்கா. பதிவு பண்ணிட்டா மரம் ஒங்களுது. இன்னாத்துக்குப் பயப்பட்றீங்க?" என்றாள்.

அப்போது அம்மா வெளியே வந்தாள். காக்கி உடுப்பு மட்டும் தெரிந்திருக்கும். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, "நாந்தாங்க வெட்டினேன். என்னக் கூட்டினு போங்க. எம்புள்ள மரத்தத் தொடவே இல்லீங்க" என்றாள்.

அன்று அப்பா சொன்னதும் இதேதானாம்.

ஜெயிலில் காய்ச்சல் கண்டு அவர் பிணமாகத் திரும்பியபோது எனக்கு ஆறு வயது. இத்தனை வருடமும் மரத்துக்கு ஆசைப்பட்டுச் செத்த மனிதர் என்று மனசுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன். சுவேதா போனபிறகு அம்மா எல்லாம் சொல்லிவிட்டாள். மரத்தை வெட்டியபோது உனக்குப் பதினாறு வயதாம். உன் கையில் ஏறிய வாசனை போகவில்லையென்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாளாம். அப்பாதான் உன்னை லாரி ஏற்றிவிட்டாராம்.

நிலம் அப்பா பெயரிலேயே இருப்பதால் பதிவுக்கு உன் கையெழுத்தும் வேண்டும். அதற்காக உன்னைக் கூப்பிடவில்லை அண்ணா. அன்றிலிருந்து அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால், "அவங்க வந்துட்டா புள்ளையக் கூட்டினு போய்டுவாங்க" என்கிறாள். இனி உன்னை யாரும் தேட மாட்டார்கள் என்று நான் சொன்னால் நம்பவில்லை. நீ வந்து சொல்ல வேண்டும்.

ஆலங்காயத்தில் இறங்கிப் போன் செய். உன் மாப்பிள்ளை கோபால் வண்டி எடுத்து வருவார். எப்போதும்போல் இருட்டியபின் வராதே. நாலு பேர் பார்க்க, பகலில் வா. நான் எதுவும் கேட்க மாட்டேன்.

உன்மேல் கோபமில்லாத தங்கை,
தேவயானி