ஷிபுவின் ரெக்கார்டில் ஷிபுவின் குரல்

வியாழன், இரவு

அம்பூரியில் சித்தப்பாவின் ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷினில் மைக்கைக் கட்டி நான் எடுத்த சத்தம்தான் கிளப்பில் பாட்டுப் போடும் என் கூட்டாளி ஷிபுவின் புது டெக்னோ டிராக் முழுக்க அதிர்கிறது. பெயர் மட்டும் அவனுடையது. கேட்டதற்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: "எலே மக்கா, சவுண்டு உனக்கதாக்கும். நான் எனக்க பேரப் போட்டுட்டேன். ஆருட்டயும் சொல்லண்டாம்."

இன்று அவனே கூப்பிட்டான். ஜெர்மனியில் ஒரு கம்பெனி ஆட்ட கிளப்புகளுக்காக அதை இசைத்தட்டு ரெக்கார்டாக அச்சிடுகிறதாம், இன்னும் நீளமாக வேண்டுமாம்.

"நீயே செஞ்சு தா மக்கா."

"நாளைக்கே தாறேன்," என்றேன்.

செய்துவிட்டேன். நடுவில் தாளம் அடங்கி, ஆடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் அந்த வாய்ஸ் மெசேஜை முழுசாக வைத்திருக்கிறேன். எதையும் கடைசிவரை கேட்கிற பொறுமை அவனுக்கு என்றைக்கும் கிடையாது. அப்படியே அனுப்புவான். ஜெர்மன்காரனுக்குத் தமிழ் தெரியாது. நல்ல குரல் என்று நினைத்து அச்சடிப்பான். ரெக்கார்டில் ஏறியதை எவனாலும் அழிக்க முடியாது.

கோவளத்தில் வெளியீட்டன்று ஷிபுதான் அதைப் போடுவான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. முன்னால் ஆடப்போவதில் பாதிப்பேர் தமிழ் பேசுகிற எங்கள் பாறசாலைப் பிள்ளைகள்.