வர்றவனுக்கு ஒரு சட்டை

மச்சான்,

இன்று காலை உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். ஏலக்காய் வாசம் முகத்தில் அடித்தது. பூச்சி வராமலிருக்கக் காய்களைத் துணியில் முடிந்து மூலைகளில் வைத்திருக்கிறீர்கள். நடுவே சட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. காலர் அட்டையும் குண்டூசியும் அப்படியே இருந்தன.

என் மகன் என்னோடு வார்த்தை முற்றி வீட்டைவிட்டுப் போனபின், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனுக்கென்று நீங்கள் எடுத்த சட்டைகள். நாங்கள் தேடாத இடமில்லை. நீங்கள் மட்டும், "பொறுத்திருங்க மாப்ளே. கர்த்தர் கையில விட்டாச்சுல்ல, பொறவு என்ன?" என்பீர்கள். உங்கள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஜெபக்கூட்டத்தில் யார் கலங்கினாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதையேதான் சொல்வீர்கள்.

அந்த நிதானம்தான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. பெற்றவனுக்கு உறக்கமில்லை, தாய்மாமனுக்கு எப்படி இத்தனை அமைதி? போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. சனிக்கிழமை ஜீப்பில் இறங்கி, ஞாயிறு ஆராதனை முடிந்து ஏறிவிடுவீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் அவன் எங்கோ இருக்கிறான், உங்களுக்குத் தெரியும், என்னிடம் மறைக்கிறீர்கள் என்று முடிவு கட்டினேன். கணக்கு வாத்தியார் புத்தி, ஆதாரம் தேடியது. முதல் சட்டை முப்பத்தெட்டு அளவு. பிறகு நாற்பது. பையன் சதை போட்டது பார்க்காமல் எப்படித் தெரியும்? கடையில் "யாருக்குண்ணே?" என்று கேட்டதற்கு "வர்றவனுக்கு" என்றீர்கள். ஏன் பெயரைச் சொல்லவில்லை?

ஒரு ஞாயிறு மதியம் உங்கள் பின்னாலேயே ஜீப் நிற்கும் இடம்வரை வந்து, காய் மூட்டைகளின் மறைவில் நின்றேன். யாரைச் சந்திக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். நீங்கள் திரும்பாமலே, "மாப்ளே, லோடு ஏத்த ஆள் பத்தலயாம். கூலி பேசவா?" என்றீர்கள். டிரைவர் சிரித்துவிட்டார். நான் கூனிக் குறுகிப் போனேன்.

பிறகு பக்கத்தில் வந்து, காய் உலர்த்தும் உங்கள் அறையைப் பற்றிச் சொன்னீர்கள். "ஸ்டோர்ல பச்சைக் காயப் போட்டுச் சூடேத்திட்டா, என்ன ஆச்சோன்னு கதவத் தொறந்து தொறந்து பாக்கக் கூடாது மாப்ளே. சூடு எறங்கி காய் வெளுத்துரும். உள்ள வேல நடக்குதுன்னு நம்பி வெளிய ஒக்காரணும்."

உள்ளே வேலை நடக்கிறது! இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று வீடு திரும்பினேன். "அவன் எங்கே?" என்று நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரியாது என்று நீங்கள் சொல்லிவிட்டால், நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

உங்களை அடக்கம் செய்தபின் மகள் வீட்டோடு போய்விடப்போகும் உங்கள் மனைவி, அக்கா, இந்தப் பெட்டியைக் கொடுக்க வந்தபோதுதான் துணிந்து கேட்டேன். "அவன் இருக்கிற எடம் மச்சானுக்குத் தெரியும்தானே?"

"அவருக்கு என்னத்தத் தெரியும்?" என்றார் அக்கா. "அவன் வயசுப் பயலுக சதை போட்டா, இவனும் போட்டிருப்பான்னு அளவு கூட்டி எடுப்பாரு. ஸ்டோருக்குப் பின்னால நின்னு அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டுத்தான் ஒங்க வீட்டுக்கு வருவாரு."

அவர் போனபின்னும் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீங்கள் கொண்டுபோய், அவன் வாங்க மறுத்திருப்பானோ என்றுகூடத் தோன்றியது. இல்லை. எதுவும் தெரியாமலேதான் காத்திருந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும் என்ற சந்தேகத்தில் சாய்ந்துகொண்டு, அதை விசுவாசம் என்று நான் நினைத்திருந்தேன். இனி நான் சாய நீங்கள் இல்லை. நீங்கள் சாய்ந்திருந்தவர் இருக்கிறார்.

மாலையில் அதே கடைக்குப் போய் நாற்பத்திரண்டு கேட்டேன். கடைக்கார பாய் என் ஒல்லி உடம்பைப் பார்த்தார். "யாருக்கு சார்?"

"வர்றவனுக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி இருக்கிற எடம் தெரிஞ்சிருச்சா சார்?"

"தெரியல பாய்."

அவர் நம்பவில்லை. சட்டையைப் பையில் போட்டு நீட்டும்போதும் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், மச்சான்.