பீரங்கி வாயில் நண்டு பிடித்தவளுக்கு

ரேஷன் அட்டை வேலையாக இன்று பழவேற்காடு போயிருந்தேன். அலுவலக வாசலில் உன் பீரங்கிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். நீ பார்த்தால் தாங்கமாட்டாய்.

ஏரிச் சேற்றில் அந்த வாய் மட்டும்தான் வெளியே தெரியும். பழைய பம்பு பைப்பு என்றுதான் நாம் நினைத்திருந்தோம். தோள்வரை கையை விட்டு, நாளுக்கு இரண்டு நண்டாவது எடுத்துவிடுவாய். "உள்ள சுத்திச் சுத்தி கோடு கீதுடி. நண்டு புடிச்சி ஏறட்டும்னு போட்டுக்கீறான் போல" என்பாய்.

ஒருத்தி கண்ட வளையில் இன்னொருத்தி கை விடுவதில்லை. நம் ஊர் தோணிரேவில் கையால் பிடிக்கிற எல்லாருக்கும் அது தெரியும். நானும் விடவில்லை. ஆனால் பழைய பீரங்கிகளைத் தேடி வந்த அதிகாரி கரையில் விசாரித்தபோது, எல்லாம் தெரிந்தவள் மாதிரி விரலை நீட்டிவிட்டேன். ஒரே வாரத்தில் இயந்திரம் வைத்துத் தோண்டி எடுத்தார்கள்.

வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல் பீரங்கியாம். வெடிமருந்தையும் குண்டையும் வாய் வழியாகவே திணித்து, பின்பக்கத் துளையில் நெருப்பு வைப்பார்களாம். குண்டின் மேலிருக்கும் குமிழ்கள் நீ சொன்ன அந்தப் பள்ளக் கோடுகளில் பொருந்தி, அது சுழன்றுகொண்டே வெளியேறுமாம். சுழன்றால்தான் தடுமாறாமல் வெகுதூரம் போகும் என்றார் அதிகாரி. நீ அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றாய் என்னிடம்.

"அது இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. ஏரியில் ஒன்றும் கிடைக்காத நாளிலும் உன் வீட்டில் குழம்பு கொதித்தது அந்த நண்டால்தான் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில்தான் தண்ணீரில் உட்கார்ந்து இறால் தடவினோம். இறால் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருக்கும்போது யாராலும் பேச முடியாது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. கரையேறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பேன். ஏறியதும் நீ விறுவிறுவென்று முன்னால் போய்விடுவாய். மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இப்போதும் உனக்கு ஓர் ஆள் அளவு இடம் விட்டுத்தான் தண்ணீரில் இறங்குகிறேன். நண்டு எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு விரல் எழுவதில்லை. நான் செய்தது தப்புதான். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் பறிக் கயிற்றை வாயிலிருந்து எடுத்திருந்தால் போதும்; கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாய்.