முப்பத்து நான்காவது மேற்கோள்

செப்டம்பர் 3, செவ்வாய்

எங்கள் ஆய்வுக் கட்டுரை போகும் இந்த ஜர்னலின் விதிமுறைப் பக்கத்தை எழுதியவன் மனிதனே இல்லை. ஆறு ஆசிரியர்கள் வரை எல்லாப் பெயரையும் போட வேண்டுமாம். ஏழாவது ஆள் இருந்தால் மூன்று பெயரோடு நிறுத்தி 'மற்றும் பலர்' போட வேண்டுமாம். பத்திரிகைப் பெயர் சுருக்கமாக, சாய்வெழுத்தில், ஆனால் புள்ளி வைக்கக் கூடாது. சாஃப்ட்வேரில் ஸ்டைலை மாற்றினால் ஒரே க்ளிக்கில் முடிந்துவிடும் என்றான் லேபில் கூட இருக்கும் டில்லிபாபு. முடியவில்லை. பாதி மேற்கோள்களில் பக்க எண் இல்லை. கையால் திருத்துகிறேன்.

முப்பத்து நான்கு வரை வந்தேன். 'ஷீலா அ., வெளியிடப்படாத தரவு.'

அங்கேயே நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

விதிமுறை: வெளியிடப்படாத தரவு மேற்கோள் பட்டியலில் இடம்பெறக் கூடாது. கட்டுரைக்குள் குறிப்பிடலாம், சம்பந்தப்பட்ட நபரின் எழுத்துபூர்வமான அனுமதி இருந்தால்.

சம்பந்தப்பட்ட நபர் எனக்கு அடுத்த மேஜை. போன மாதம் டெங்கு. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆய்வேடு பாதியில் நிற்கிறது, ஒரு கட்டுரைகூட வெளிவரவில்லை. அச்சில் காட்ட அவள் பெயரில் எதுவுமே கிடையாது.

யார்கிட்ட போய்க் கையெழுத்து வாங்குறது?

செப்டம்பர் 6, வெள்ளி

கைடு வேதாந்தம் சாரிடம் கேட்டுவிட்டேன். ஷீலாவை ஆசிரியர் வரிசையிலேயே சேருங்கள் என்று. அடையாற்று முகத்துவாரத் தண்ணீரில் இருக்கும் பிளாஸ்டிக் துகள்களைப் பற்றித்தான் எங்கள் கட்டுரை. 'மீனில் இருக்கிறதா?' என்று மதிப்பீட்டாளர்கள் கேட்டார்கள். அதற்குப் பதில் இருந்தது அவளிடம் மட்டும்தான். ஒரு வருஷம் காரப்பொடி மீனின் குடலை அறுத்து அறுத்துத் துகள் எண்ணியவள் அவள். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை தேறாது.

"வாஸ்தவம்தான்டா. ஆனா முதல்ல அனுப்பறச்சே ஆறு பேர். இப்போ ஏழாவது பேரைச் சேர்க்கணும்னா எல்லாரும் கையெழுத்துப் போடணும், எடிட்டர் ஒத்துக்கணும். மூணு மாசம் இழுப்பான். திருத்தி அனுப்பற கெடு தாண்டிடும். கடைசியில நன்றி சொல்ற எடத்துல போட்டுடலாம்."

"நன்றியா? கேன்டீன்காரருக்கும் அதான் சார் போடறோம்."

கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கோபித்திருந்தால் தேவலை.

செப்டம்பர் 7

டில்லிபாபுவுக்கு மூளை இருக்கிறது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

"மச்சி, டேட்டாவயே பப்ளிஷ் பண்ணிடு. ஆன்லைன் தரவுக் களஞ்சியத்துல ஏத்தினா நிரந்தர லிங்க் குடுப்பான். அப்புறம் அது எப்டிடா வெளியிடப்படாத தரவு?"

அவள் ஒருத்தி பெயரில் ஏற்றலாம். பெயர், ஆண்டு, தலைப்பு, இணைய முகவரி. முழு மேற்கோள். சாரும் சரி என்றார், வீட்டில் அனுமதி வாங்கிவிட்டால்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நொச்சிக்குப்பம் போனேன். அவள் அம்மா ஆரோக்கியமேரி ரோட்டோரம் மீன் வைத்து உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சேலை. ஷீலாவின் ஆராய்ச்சிக்கு மீன் கொடுத்ததே இவர்தான்.

"வா ரெஹானு. இன்னா நைனா, இப்டி எளச்சிட்ட?"

விஷயத்தைச் சொன்னேன்.

"மீனு வயித்துல பிளாஸ்டிக்கு கீதுன்னு ஊருக்கே சொல்லப்போறியா? நல்லா கீது நாயம்! அப்பால எங்கிட்ட எவன் வாங்குவான்?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அவளாண்டயும் இதேதான் சண்ட. கொடல எடுத்துட்டுத் துன்னா ஒண்ணும் ஆவாதும்மான்னுவா."

ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அவ பேரு வந்துருமா?"

"வந்துரும்மா."

யோசிக்காமல் சொன்னேன்.

செப்டம்பர் 11, புதன்

ஏற்றியாகிவிட்டது. முப்பத்து நான்கில் இப்போது ஒழுங்கான மேற்கோள். கமா, புள்ளி எல்லாம் நாலு தடவை பார்த்தேன். கட்டுரையை அனுப்பியாயிற்று.

அக்டோபர் 21

ஏற்றுக்கொண்டார்கள். சார் எல்லோருக்கும் பால்கோவா வாங்கினார். அவள் மேஜையில் புதுப் பெண் ஒருத்தி உட்கார்கிறாள். பால்கோவா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

வெளியிடும் முன் சரிபார்க்க ப்ரூஃப் வந்தது. இரண்டு நாளில் ஒப்புதல் தர வேண்டுமாம். திருவான்மியூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபடி போனிலேயே பார்த்தேன். படங்கள் சரி. அட்டவணை சரி. ஓரத்தில் ஏதேதோ கேள்விகள், எல்லாம் ஸ்டைல் சமாச்சாரம். மொத்தமாக 'ஏற்கிறேன்' அழுத்தி அனுப்பிவிட்டேன். மேற்கோள்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் நான் கையால் திருத்தியது, அதில் பார்க்க என்ன இருக்கிறது.

நவம்பர் 20, புதன்

கட்டுரை வெளிவந்துவிட்டது.

முப்பத்து நான்காவது இடத்தில் வேறு யாரோ.

மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். இல்லை. கடைசிப் பக்கத்தில், 'தரவு கிடைக்குமிடம்' என்ற தலைப்பில் ஒரே வரி. மீன் தரவுகளை இந்த முகவரியில் காணலாம். முகவரி மட்டும். பேர் இல்ல. ஷீலான்னு ஒரு எழுத்து இல்ல.

பழைய மெயிலைத் திறந்தேன். ப்ரூஃபின் ஓரத்தில் கேட்டிருக்கிறான்: 'எங்கள் நடைமுறைப்படி தரவுத் தொகுப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம், சம்மதமா?'

சம்மதம்னு நான்தான் சொல்லியிருக்கேன். ரயில் வருதுன்னு. அந்த ரயில விட்டா அடுத்தது வராதா? நன்றியிலாவது அவ பேர் இருந்திருக்கும். அதையும் நான்தான வேணாம்னேன்.

நவம்பர் 22, வெள்ளி

ஜர்னலிலிருந்து பதில். முடிவுகளைப் பாதிக்கும் பிழைகளுக்கு மட்டுமே திருத்தம் வெளியிடுவார்களாம். இது பாதிக்கவில்லையாம்.

சாரிடம் சொன்னேன். "ரெண்டு நிமிஷம் நின்னு பாத்திருக்கப்படாதாடா?" என்றார். பிறகு, என்னிடம் இல்லை, ஜன்னலைப் பார்த்து: "நானே அன்னிக்கு எடிட்டர்ட்ட கேட்டிருக்கலாம்."

நவம்பர் 24, ஞாயிறு

போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. போனேன்.

மழை விட்டிருந்தது. வியாபாரம் இல்லை. என்னைப் பார்த்ததும், "வந்துச்சா?" என்றார். கட்டுரையைக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் மகள் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியும். சர்ட்டிஃபிகேட்டில் எல்லாம் பார்த்திருக்கிறார். முதல் பக்கத்தில் ஆறு பெயர்களின் மேலும் விரலை வைத்து வைத்து நகர்த்தினார்.

"இதுல இல்லியே."

"இல்லம்மா. என் தப்புதான். கடைசியா ஒரு வாட்டி பாக்கச் சொன்னாங்க, நான் பாக்காம சரின்னுட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். பக்கத்துக் கடைக்காரி, "இன்னா மேரி, யாரு?" என்றாள். "ஷீலா கூட படிச்ச பையன்" என்றார். அவ்வளவுதான்.

தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "அப்போ எங்கதான் கீது அவ பேரு?"

ஷீலாவின் போனை இப்போது அவர்தான் வைத்திருக்கிறார். அதில் களஞ்சியப் பக்கத்தைத் திறந்தேன். நெட் மெதுவாக வந்தது. மேலே பெரிய எழுத்தில் அவள் பெயர், தனியாக. விரலை அதன்மேல் வைத்தார். திரை அணைந்தது. மறுபடி திறந்தேன்.

"அது இன்னா கண்ணு மாரி போட்டு, நம்பரு?"

"எத்தனை பேர் பாத்தாங்கன்னு."

"இவ்ளோதானா?"

முதல் திரையிலேயே அது வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். எங்கே தட்ட வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

"நீயும் தெனம் ஒருக்கா தட்டு நைனா."

டிசம்பர் 2

தட்டினேன்.

டிசம்பர் 16, திங்கள்

ஒரு நாளைக்கு ஒரு போனிலிருந்து எத்தனை தடவை திறந்தாலும் ஒன்று என்றுதான் கணக்கு. தினமும் இரண்டு ஏறுகிறது. புயல் மழையில் நெட் இல்லாத நாளில் மட்டும் ஒன்று.

சார் இன்று அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார் போல. என் மேஜைக்கு வந்து, "ஷீலா டேட்டாவை நெறையப் பேர் பாக்கறா போலிருக்கே" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி.

"ஆமா சார்" என்றேன்.